படுத்துப் பார்த்து வாங்கிய லேப்டாப்

லேப்டாப் வாங்குகிறவர்கள் கடைக்குப் போவார்கள். கையில் தூக்கிப் பார்ப்பார்கள், திறந்து மூடிப் பார்ப்பார்கள். என்னால் அது முடியாது. தொண்ணூறுகளின் கடைசியில், கோட்டையூரில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில், தண்ணீர்ப் படுக்கையின் மேல் நான் மல்லாந்து கிடந்தேன். படுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு முப்பத்தொரு வயது.

அதற்கு முன் காரைக்குடியில் ஓர் இன்ஜினியரின் ஆபீசில் பிளான் வரைகிற வேலை பார்த்தேன், டைப்பும் அடிப்பேன். ஒக்கூரில் ஒரு மனையை அளந்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, திருக்கோஷ்டியூர் தாண்டி, குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கப் போய்ச் சிறுபாலத்துக்குக் கீழே விழுந்தேன். முதுகெலும்பு முறிந்தது. தொப்புளுக்கு மேலே எல்லாம் பழையபடி இருந்தது. கீழே எதுவும் என்னுடையது மாதிரியே இல்லை. அது போதாதென்று ஆஸ்பத்திரியில் வந்த படுக்கைப் புண் ஒன்று வால் எலும்பு பக்கம் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. அது மூடும்வரை உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாங்கி வைத்த சக்கர நாற்காலி மூலையில் நின்றது. அக்கா அதன் மேல் துவைத்த துணிகளைப் போட்டு வைப்பாள்.

வீட்டில் அக்காவும் நானும்தான். அம்மாவும் அப்பாவும் விபத்துக்கு முன்பே போய்விட்டார்கள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காரைக்குடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் என்னைத் துடைத்து, உடை மாற்றி, தண்ணீரும் ரேடியோவும் போனும் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். சாயங்காலம் வருவாள். மத்தியானம் எதிர்வீட்டு அம்மா வந்து சாப்பாட்டை எடுத்துக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் நானும் மின்விசிறியும்தான்.

முதல் சில மாதங்கள் வீடு நிறைய ஆள் வந்தார்கள். ஆரஞ்சுப் பழம், பிஸ்கட், ஜெபமாலை. பிறகு குறைந்தார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி நற்கருணை அப்பம் கொடுத்துவிட்டுப் போவார். என்னோடு ஆபீசில் வேலை பார்த்த நண்பன் ஒருவன் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவன், மாதம் ஒரு தடவை என்று ஆனான். வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "இப்ப எப்படி இருக்கு?" நான் சொன்னதும் ஒரே பதில். அதற்கப்புறம் இரண்டு பேருமே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். என் உடம்பைத் தவிர என்னிடம் பேச வேறு எதுவும் இல்லாமல் போயிற்று.

இந்த நிலையில்தான் எங்கள் இன்ஜினியர் ஒருநாள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"இப்பல்லாம் பேங்க் லோனுக்கு எஸ்டிமேட்டைக் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொண்டாங்கன்றாங்க. ஆபீஸ்ல அடிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கட்டட வேலை தெரியலை. உங்களுக்கு ரெண்டும் வரும். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வாங்குங்க. வேலையை நான் அனுப்புறேன்."

அன்று சாயங்காலம் அக்கா என் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். மேஜைக் கம்ப்யூட்டரை எங்கே வைத்தாலும் எனக்குத் திரை தெரியாது. தெரிந்தால் கை எட்டாது.

"வயித்து மேல வச்சு அடிக்கிற மாதிரி சின்னதா வருமாமே, எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் சொன்னாக," என்றாள்.

"லேப்டாப். அது புதுசு வாங்கணும்னா இந்த வீட்டையே வாங்கிரலாம்க்கா."

"பழசு இருக்கும்ல?"

விபத்துக்காக வந்த இன்சூரன்ஸ் பணத்தில் மீதி கொஞ்சம் இருந்தது. அதற்குள் முடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

முதலில் பார்க்க வந்தது சிங்கப்பூர் லேப்டாப். வீட்டுக்காரரின் உறவுக்காரர் ஒருவர் அங்கிருந்து வந்தவர், தன்னுடையதை விற்கப் போவதாகச் சொல்லி எடுத்து வந்தார். கறுப்பாக, பளபளவென்று, பார்க்க நன்றாக இருந்தது. என் நெஞ்சின் மேல் வைத்தார். அம்மிக்கல் மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தால் பாதிக்குமேல் போகவில்லை. படுத்திருக்கிறவன் கண்ணுக்குத் திரை நேராக வர வேண்டுமானால் மூடி நன்றாகப் பின்னால் சாய வேண்டும். இது நின்ற நிலையிலேயே நின்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம்.

"உக்காந்து பாத்தா நல்லாத் தெரியும்," என்றார் அவர். சொன்னவுடனே முகம் மாறிவிட்டது. அவசரமாக எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு எது வேண்டும் என்பது தெளிவாயிற்று. வேகம், நினைவகம் இவையெல்லாம் எனக்கு அப்புறம். எடை குறைவாக இருக்க வேண்டும். மூடி தட்டையாகச் சாய வேண்டும். திரையில் அம்புக்குறியை நகர்த்த வெளியே மவுஸ் என்று தனியாக ஒன்று இருக்கக் கூடாது. ஓட்டுவதற்கு எனக்கு மேஜை கிடையாது.

செய்தித்தாளில் வந்த வரி விளம்பரம் ஒன்றைப் பார்த்து மதுரையில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். பழைய லேப்டாப் வாங்கி, சரிசெய்து விற்கிற கடை. போனை எடுத்தவர்தான் முதலாளி, மெக்கானிக்கும் அவர்தான். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மூடி எவ்வளவு சாயும் என்று கேட்டபோது மட்டும் தடுமாறினார்.

"நல்லாவே சாயும் சார். எந்தளவுக்குன்னு எப்படிச் சொல்றது..."

நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு கேட்டே விட்டேன்.

"ஒரு உதவி பண்ணுவீங்களா? நீங்க கீழ படுத்து, அதை உங்க வயித்துல வச்சுப் பாத்துச் சொல்ல முடியுமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"எதுக்கு சார்?"

"நான் படுத்துக்கிட்டுத்தான் அடிக்கணும். உக்கார முடியாது."

"லைன்லயே இருங்க," என்றார்.

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பேப்பர் விரிக்கிற சத்தம். யாரிடமோ, "ஒன்னுமில்லண்ணே, கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க," என்று சொன்னார். பிறகு அவருடைய குரல் வேறு மாதிரி, தொண்டையிலிருந்து வந்தது. படுத்திருக்கிறவர்களின் குரல். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"படுத்துட்டேன் சார். எழுத்துத் தெரியுது... இல்ல, முழுசாத் தெரியலை. மேல் பாதி தெரியுது. ஓரம் நாடில இடிக்குது. நெஞ்சையும் அமுக்குது சார், மூச்சு வாங்குது. இது உங்களுக்கு ஆகாது."

அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விற்க உட்கார்ந்தவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வேறு வந்தால் சொல்லுங்கள் என்று எங்கள் நம்பரைக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே அவர் கூப்பிட்டார். "ரெண்டு பீஸ் வந்திருக்கு சார். ரெண்டையும் படுத்தே பாத்துட்டேன்." ஒன்று எடை குறைவு, ஆனால் எழுத்து நேராகப் பார்த்தால்தான் தெரிகிறது, கொஞ்சம் தலையைத் திருப்பினாலும் மறைந்துவிடுகிறது. இன்னொன்றில் சாவிகள் கெட்டி, படுத்துக்கொண்டு அடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. இப்படி விளக்கமாகச் சொன்னார். கடைக்கு வருகிறவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதையும் சொன்னார். நானும் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அப்போது தோன்றியது.

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் அவர் கூப்பிடுவார், இல்லாவிட்டால் நான் கூப்பிடுவேன். லேப்டாப்பில் ஆரம்பித்து மதுரையில் மழையா, கரண்ட் எப்போது போகிறது, வாடிக்கையாளர் ஒருவர் டீயைக் கொட்டிக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் என்று பேச்சு எங்கெங்கோ போகும். எதிர்வீட்டு அம்மா தட்டோடு வந்து நிற்பார். "தம்பி, சோறு ஆறுது. போனை வச்சுட்டுச் சாப்பிடுறீகளா, இல்ல நான் போயிட்டு வரட்டுமா?" என்பார். எனக்கு என்ன ஆயிற்று என்று கடைக்காரர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. படுத்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஒருவருக்கு இடதுகைப் பழக்கம் இருப்பதைப் போல அதையும் எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒருநாள், "கிடைச்சிருச்சு சார்," என்றார். குரலிலேயே தெரிந்தது. சாம்பல் நிறம், மூடி முழுக்கப் பின்னால் சாய்ந்து தட்டையாகிறது, இடைவெளிச் சாவிக்குக் கீழே சின்ன உருண்டை ஒன்று, கட்டைவிரலால் உருட்டினால் அம்புக்குறி நகரும். பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்காது, அதனால் விலையும் நம் கைக்குள். "அரை மணி நேரமா படுத்துக்கிட்டே பேசுறேன் சார். எந்திரிக்கவே மனசு வரலை. அடிப்பக்கம் கதகதன்னு வேற இருக்கு, மார்கழிக்கு நல்லாருக்கும்," என்றார்.

சரி, எடுத்து வையுங்கள் என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு ஏனோ வெறுமையாக இருந்தது.

வேலை விஷயமாக மதுரைக்குப் போன என் நண்பன் அதை வாங்கி வந்தான். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் விளக்கு கொஞ்சம் பிரகாசமாக எரிந்த மாதிரி எனக்கு ஞாபகம். அக்கா பணியாரம் சுட்டாள். நண்பன் தரையில் படுத்துத் தன் வயிற்றில் வைத்துப் பார்த்தான். "மாப்ள, இப்படி வேலை பாக்க எங்க ஆபீஸ்ல விட்டா நான் லீவே போட மாட்டேன்டா," என்றான். மூன்று பேரும் சிரித்தோம். கிளம்பும்போது வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னான்.

"துபாய்க்கு விசா வந்திருச்சு மாப்ள. அடுத்த வாரம் போறேன்."

"நல்லதுடா. எப்ப திரும்ப?"

"ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்."

அவன் போனதும் அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். அது உறுமிக்கொண்டு எழுந்து, எழுத்துகளைக் காட்டி, நான் எதையாவது அடிப்பதற்காகக் காத்திருந்தது.

வேலை ஓரளவு வந்தது. இன்ஜினியர் கையால் எழுதின அளவுகளை அக்கா பையில் கொண்டுவருவாள். நான் அஸ்திவாரம், செங்கல் கட்டு, காங்கிரீட், பூச்சு என்று அடித்துக் கூட்டி, பிளாப்பியில் போட்டுக் கொடுத்தனுப்புவேன். பகல் பொழுது போயிற்று. ஆனால் போன் அடிக்கவில்லை. கடைக்காரர் கூப்பிடக் காரணம் ஏதும் இல்லையே. பொருள் விற்றாயிற்று. நண்பனும் போய்விட்டான். வாங்குகிற வரைக்கும் என் அறையில் இருந்த பேச்சு, வாங்கினதும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஒரு மத்தியானம் நானே கடைக்குப் போன் போட்டேன். பேட்டரி சம்பந்தமாக ஒரு சந்தேகம் என்றேன். சந்தேகம் ஒன்றும் கிடையாது. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பின்னால் இரண்டு மூன்று பேர் பேசுகிற சத்தம் கேட்டது. "கூட்டமா இருக்கு சார், அப்புறம் பேசவா?" என்றார். அப்புறம் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. வியாபாரம் உள்ள மனிதர்.

பேச ஆள் இல்லாததாலோ என்னவோ, நான் விடாமல் அடிக்க ஆரம்பித்தேன். நெஞ்சில் வைத்தால் கனத்தது என்று அடிவயிற்றுப் பக்கம் இறக்கி வைத்துக்கொண்டேன். தலைக்கு இன்னொரு தலையணை. அங்கே வைத்தால் கனமே தெரியவில்லை. மணிக்கணக்காக வைத்துக்கொள்ள முடிந்தது.

ஒருநாள் சாயங்காலம் என்னைத் துடைக்க வந்த அக்கா, வேட்டியை விலக்கினவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

மெதுவாக எதையோ தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதாடா?"

"எங்க தொடுற?"

அக்கா கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாள். அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, நடுவில் கொப்புளம் உடைந்திருந்தது. லேப்டாப்பின் அடியில் சூடாகிற இடம் சரியாக அங்கேதான் வந்திருக்கிறது. கதகதப்பு என்று கேட்டபோது எனக்கும் அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. கனத்தைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவன், சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சூட்டைச் சொல்ல என் உடம்பில் அங்கே ஆளில்லை என்பது எனக்கே மறந்திருந்தது.

டாக்டர் வந்து கட்டுப் போட்டார். இந்த மாதிரி உடம்பில் தீப்புண் ஆற நாளாகும், சீழ் பிடித்தால் ஆபத்து என்று அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னார். எனக்கும் கேட்டது. அவர் போனதும் அக்கா லேப்டாப்பை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் சத்தம் போடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"பஸ்ல வரும்போதெல்லாம் வீட்டுல என்ன ஆயிருக்குமோன்னு நெனச்சுக்கிட்டேதான்டா வாரேன். தெனமும். உனக்குப் பொழுது போகலைன்னு எனக்குத் தெரியும். எனக்கு யாரு இருக்கா, சொல்லு."

அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் தனியாகக் கிடந்தது நான் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம், பஸ், அடுப்படி, நான். அவளோடு உட்கார்ந்து ஒரு கதை பேச அவளுக்கும் யாரும் வந்ததில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரருக்கு மறுநாள் போன் செய்தேன். குறை சொல்வதற்காக இல்லை. என்னை மாதிரி இன்னொருவன் வந்து கேட்டால் அவர் சொல்ல வேண்டுமே என்பதற்காக. எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்பதையும் அப்போதுதான் முதன்முதலாக அவரிடம் சொன்னேன்.

"நான்தானே சார் கதகதன்னு இருக்குன்னு சொன்னேன்," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்க."

"கோட்டையூர்ல எங்க சார் உங்க வீடு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்த நேரம், வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பலகை. ஒல்லியாக, நெற்றியில் குங்குமம், என் வயதுதான் இருக்கும். குரலை வைத்து நான் தொந்தி போட்ட, நாற்பது தாண்டின ஆளாக நினைத்திருந்தேன்.

"சார் இருக்காங்களா?" என்று என்னிடமே கேட்டார். நான்தான் என்றேன். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. யாரோ ரிட்டயரான பெரியவர் என்று நினைத்திருந்தாராம். என் முகத்தைப் பார்த்தார், கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தார், பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பலகையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

கட்டிலில் இரண்டு பக்கமும் கால் ஊன்றி, என் உடம்பைத் தொடாமல் மேலே பாலம் மாதிரி நிற்கிற பலகை. அடியில் காற்று போக வரிசையாக ஓட்டை போட்டிருந்தார். அக்கா அலமாரியிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தாள். சரியான உயரத்தில் நின்றது.

"தெரியுதா சார்?"

"நல்லாத் தெரியுது."

"கை எட்டுதா?"

"எட்டுது."

அவ்வளவுதான். போனில் ஒரு மணி நேரம் பேசினவர்கள், நேரில் இரண்டு வார்த்தைக்குமேல் எடுக்க முடியாமல் தவித்தோம். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா, "சாப்பிட்டுத்தான் போகணும்," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று காப்பி மட்டும் குடித்தார். பலகைக்குப் பணம் கொடுக்கப் போனபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாசலில் நின்று, "கடவுள் இருக்காரு சார்," என்றார். போனில் ஒருநாளும் அவர் இப்படிப் பேசினதில்லை.

பிறகும் நாங்கள் பேசினோம். ஆனால் எடுத்தவுடன் அவர் கேட்கிற முதல் கேள்வி, "உடம்பு எப்படி இருக்கு சார்?" என்று ஆகிவிட்டது. நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் ஏதோ ஒன்று முடிந்துபோன மாதிரி இருந்தது. அதுவரைக்கும் அவருக்கு நான் மூடி சாயாத லேப்டாப்பை வேண்டாம் என்று சொல்கிற, கறாரான ஒரு வாடிக்கையாளர். பார்த்த பிறகு நான் நோயாளி. போன்கள் குறைந்து, பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று ஆகி, ஒரு வருடம் அதுவும் வரவில்லை.

தீப்புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. பலகையும் லேப்டாப்பும் நன்றாகவே உழைத்தன. இன்ஜினியரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வேலை கொடுத்தார்கள். நான் அடித்த எஸ்டிமேட்களில் வீடுகள் எழும்பின. எதையும் நான் பார்த்ததில்லை. அக்கா பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு வந்து சொல்வாள். இன்றைக்குத் தளம் போட்டுவிட்டார்கள், இன்றைக்கு ஜன்னல் வைத்துவிட்டார்கள் என்று. ராத்திரிச் சாப்பாட்டை அவள் என் அறைக்கே கொண்டுவந்து சாப்பிட ஆரம்பித்தாள். வீடுகளைப் பற்றிப் பேசுவோம்.

அதற்கடுத்த வருடம் பழைய புண்ணும் மூடியது. கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று டாக்டர் சொன்னார். அக்கா சக்கர நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துவிட்டு, தெரிந்த ஆட்டோக்காரரை வரச் சொன்னாள். எங்கே போகலாம் என்று கேட்டாள். நான் முதன்முதலில் எஸ்டிமேட் அடித்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன்.

காரைக்குடியின் ஒதுக்குப்புறத்தில், புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே அது நின்றது. ஆட்டோவிலிருந்து என்னை நாற்காலியில் இறக்கினார்கள். வாசல் கதவுக்கு வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே டிவி ஓடுகிற சத்தம், குழந்தைகள் சண்டை போடுகிற சத்தம். ஒரு பெண் வெளியே வந்தார்.

"யாரைப் பாக்க வந்தீக?"

"யாரையும் இல்ல. வீடு புதுசா இருக்கேன்னு பாத்தோம்," என்றாள் அக்கா.

"உள்ள வாங்களேன், வெயில்ல நிக்கிறீக." சொன்னவர் என் நாற்காலியைப் பார்த்தார், பிறகு வாசற்படிகளைப் பார்த்தார். நான்கு படிகள். அந்தப் படிகளுக்கு எத்தனை செங்கல், எவ்வளவு சிமெண்ட் என்று கூட்டிப் போட்டவன் நான்தான்.

"பரவாயில்லம்மா, நேரமாச்சு," என்றேன்.

ஆட்டோவில் திரும்பினோம். கோட்டையூர் நெருங்கும்போது அக்கா சொன்னாள்.

"பச்சைப் பெயிண்ட் அடிச்சுக் கெடுத்துட்டாகடா."

"ஆமாக்கா," என்றேன். "எஸ்டிமேட்ல வெள்ளைதான் போட்டிருந்தேன்."